தை வரை பொறுக்கும் கடன்

பண்டிகைக்கு நண்பருக்கு இனிப்புப் பெட்டியோ கைக்கடிகாரமோ வாங்கித் தராமல், அந்தத் தொகையை அவர் பெயரில் முகமறியாத ஒரு பெண்ணுக்குச் சிறுகடனாகக் கொடுப்பது மேலைநாடுகளில் பல ஆண்டுகளாக இருந்துவரும் பழக்கம். சான் பிரான்சிஸ்கோவில் 2005இல் மாட் ஃபிளானரியும் ஜெசிகா ஜாக்லியும் தொடங்கிய கிவா என்ற இணையத் தளம், கிறிஸ்துமஸ் காலத்தில் 25 டாலர் பரிசு அட்டைகளை விற்கிறது. அட்டையைப் பெற்றவர் கடன் கேட்பவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார். பணம் திரும்பி வந்ததும் இன்னொருவருக்குக் கொடுக்கிறார். இந்தியாவில் 2008இல் ராமகிருஷ்ணாவும் ஸ்மிதா ராமும் தொடங்கிய ‘ரங் தே’ இதே வழியில் வந்ததுதான். 2010இல் சிறுகடன் தளமாகப் பிறந்த ‘மிலாப்’ பின்னாளில் மருத்துவச் செலவுக்கு நிதி திரட்டும் பக்கம் போய்விட்டது.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களிலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் போய்ச் சம்பாதிக்கும் பிள்ளைகள் இந்தப் பொங்கலுக்கு அப்படி ஒரு பரிசைச் சொந்த ஊருக்குத் தர நினைத்தால், அந்த நல்ல மனதை வரவேற்க வேண்டும். அதோடு ஒரு விஷயத்தையும் அவர்களிடம் சொல்லியாக வேண்டும்: இந்த ஊர்களில் பெண்களுக்குக் கடன் கிடைக்காமல் இல்லை. 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழு இயக்கம் இன்று தமிழ்நாட்டின் எல்லா ஊராட்சிகளையும் தொட்டிருக்கிறது. அதற்கு மேல், நுண்கடன் நிறுவனங்கள் வீட்டு வாசலுக்கே வந்து கொடுக்கும் ‘குழு லோன்’. நாட்டிலேயே நுண்கடன் நிலுவை மிக அதிகமாக உள்ள மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. கடன் திரும்பி வரும் விதத்தில்தான் சிக்கல்.

ஓர் உதாரணம். வேப்பந்தட்டைப் பக்கம் மானாவாரி நிலத்தில் மக்காச்சோளம் போடும் ஒரு குடும்பம். புரட்டாசியில் மழையை நம்பி விதைக்கிறார்கள். கதிர் ஒடித்துக் காசு கைக்கு வரத் தையாகிவிடும். விதைக்கும் உரத்துக்குமாக வீட்டுக்காரம்மா 40,000 ரூபாய் குழு லோன் எடுக்கிறார். ஆண்டுக்கு 24 விழுக்காடு வட்டி, 52 வாரத் தவணை என்று வைத்துக்கொண்டால் வாரம் ஏறக்குறைய 870 ரூபாய் ‘டியூ’ வரும். கடன் வாங்கிய அடுத்த வாரமே அது தொடங்கிவிடும். விதைப்பிலிருந்து அறுவடை வரை 16 வாரம். வயலிலிருந்து ஒரு ரூபாய்கூட வராத அந்த நான்கு மாதத்தில் அவர் கட்டியிருக்கும் தொகை ஏறத்தாழ 14,000. விவசாயத்துக்கென்று 40,000 வாங்கியவருக்கு உண்மையில் 26,000தான் வயலுக்கு உதவியது. அந்த 14,000த்தை எங்கிருந்து புரட்டுவார்? கூலிக்குப் போவார், தோட்டை அடகு வைப்பார், அதுவும் முடியாதபோது இன்னொரு குழுவில் வாங்கி இந்தக் குழுவுக்குக் கட்டுவார். ஊரில் இதை யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 2018இல் படைப்புழு விழுந்து பெரம்பலூர் மக்காச்சோளம் நாசமானது போன்ற ஆண்டுகளில் அந்தச் சங்கிலி எங்கே போய் நிற்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

வாரத் தவணை கடன் கொடுப்பவரின் வசதிக்காக வந்தது. பணம் செலவாகும் முன்பே ஒரு பகுதி திரும்பிவிடுவதால் வாராக்கடன் குறைகிறது. கொல்கத்தாவில் எரிக்கா ஃபீல்டு, ரோகிணி பாண்டே உள்ளிட்ட பொருளியலாளர்கள் செய்து 2013இல் வெளியிட்ட ஆய்வு இதை நேராகவே சோதித்தது. சிலருக்கு வழக்கம்போல் இரண்டு வாரத்தில் தவணை தொடங்கியது. சிலருக்கு இரண்டு மாதம் பொறுத்துத் தொடங்கியது. ஏறத்தாழ மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தபோது, அவகாசம் பெற்றவர்களின் தொழில் லாபம் மற்றவர்களைவிட 40 விழுக்காடு அளவுக்குக் கூடியிருந்தது. கடனைக் கட்டி முடிக்காதவர்களும் அவர்களிடையே அதிகம். ஆகவே, அவகாசம் சராசரி லாபத்தை உயர்த்துகிறது, சிலரைத் தவறவும் விடுகிறது. அந்தச் சிலரின் நட்டத்தை ஏற்க நிறுவனம் தயாராக இல்லை. ரிசர்வ் வங்கியின் 2022 விதிகள், கடன் பெறுபவரின் தேவைக்கேற்பத் தவணைக் காலத்தை அமைக்கக் கொள்கை வகுக்கச் சொல்கின்றன. வருமானத்தில் பாதிக்கு மேல் தவணைக்குப் போகக் கூடாது என்கின்றன. என்றாலும் நட்டத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி தீராதவரை வாரத் தவணை போகாது.

பரிசுப் பணத்துக்கு இங்கேதான் வேலை இருக்கிறது. முன்பு சொன்ன 40,000த்துக்கு 16 வார வட்டி 3,000 ரூபாய்க்கும் சற்றுக் குறைவு. மூன்று நண்பர்கள் ஆளுக்கு ஆயிரம் போட்டால் ஒரு பெண்ணுக்குத் தை வரை தவணையே இல்லாத கடனை வாங்கித் தரலாம். மகளிர் குழுவுக்கு வங்கி 7 விழுக்காட்டில் தரும் கடனாக இருந்தால் 900 ரூபாய்கூட ஆகாது. அதற்கு மேல் ஒரு சிறு தொகையை நட்டத்துக்கு ஈடாக ஒதுக்கிவைத்தால், பொறுத்திருக்க மாட்டேன் என்று எந்த வங்கி மேலாளராலும் எளிதில் சொல்ல முடியாது. புதிதாக ஒரு கடனைச் சுமத்துவதைவிட இது எவ்வளவோ மேல்.

பரிசும் கடனும் ஒன்றாக இருப்பது நமக்குப் புதிதல்ல. புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலம், வடகாடு பக்கமும் பேராவூரணியிலும் ஆடி மாதத்தில் நடக்கும் மொய் விருந்துகளில் லட்சக்கணக்கில் வட்டியில்லாப் பணம் கைமாறுகிறது. கொடுத்தவர் வீட்டு விசேஷம் வரும்போதுதான் திருப்பிச் செய்ய வேண்டும். வாரா வாரம் யாரும் கதவைத் தட்டுவதில்லை. முஸ்லிம் ஊர்களில் பைத்துல்மால் எனப்படும் பொதுநிதிகள் தரும் ‘அழகிய கடன்’, முடியாதவருக்கு அவகாசம் கொடுப்பதை மார்க்கக் கடமையாகவே வைத்திருக்கிறது. மொய்யிலும் அவமானமும் நெருக்கடியும் உண்டு என்பது உண்மையே. ஆனாலும் வாங்கியவரின் காலத்துக்குக் கொடுத்தவர் காத்திருப்பது என்ற பண்பாடு அதில் இருக்கிறது. இணையத்தில் அட்டை வாங்கும் பழக்கத்தில் அது இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கிவாவில் ஒருவரின் படத்தைப் பார்த்துக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் அவருக்கு ஏற்கெனவே வழங்கப்பட்டுவிட்ட கடனை ஈடுகட்டவே போகிறது என்பதை 2009இல் ஆய்வாளர் டேவிட் ரூட்மன் எடுத்துக்காட்டினார். கொடுப்பவர் வட்டி வாங்குவதில்லை. இடையில் உள்ள உள்ளூர் நிறுவனம் வாங்குகிறது. ஜெயங்கொண்டத்துப் பெண்ணின் படமும் கடன் கணக்கும் துபாயில் உள்ள ஒருவரின் செல்பேசியில் பரிசுப் பொருளாகச் சுற்ற வேண்டிய அவசியமே இல்லை. ஊராட்சி அளவிலான மகளிர் கூட்டமைப்புக்கு யாருக்கு என்ன தேவை என்று தெரியும். அவர்களிடமே தேர்வை விட்டுவிடலாம்.

எந்த மாதம் வரை பொறுப்பது என்பதையும் அவர்கள்தான் சொல்ல வேண்டும். மக்காச்சோளத்துக்குத் தை போதும். ஆண்டிமடம், செந்துறைப் பக்கத்து முந்திரிக்குப் பங்குனி, சித்திரை வரை போகும். கறவை மாட்டுக்கு வாங்கிய கடன் என்றால், பால் பணம் கைக்கு வரும் நாளை ஒட்டித் தவணை இருந்தால் போதும். மாடு வற்றும் மாதங்களில் தவணையும் நிற்க வேண்டும்.

பொங்கலுக்குள் பணம் அனுப்ப நினைப்பவர்கள், முதலில் ஊரில் உள்ள ஒரு குழுவின் ஊக்குநரை அழைத்து, இந்த மாதம் யார் வீட்டில் எத்தனை டியூ ஓடுகிறது என்று கேளுங்கள். நான்கைந்து ஓடுகிற வீட்டுக்கு ஆறாவது கடன் வேண்டாம். அங்கே கொடுக்க வேண்டியது திருப்பிக் கேட்காத பணம்.