கத்தியின் கணக்கைக் கேட்போம்!

காரைக்குடிச் சீமைக்குக் கணக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்தவர்கள் பேரேடு எழுதினார்கள், ஐந்தொகை போட்டார்கள். அந்தச் சீமையிலிருந்து நாமும் ஒரு கணக்குக் கேட்கிறோம். பணக் கணக்கல்ல தோழர்களே, உயிர்க் கணக்கு! மருத்துவமனையே, இந்த அறுவையைச் சென்ற ஆண்டில் எத்தனை பேருக்குச் செய்தாய்?

எந்த அறுவை? மூளைக்கு அடியில், மூக்குக்கு நேர் பின்னே, பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. பிட்யூட்டரி என்பார்கள்; பாடநூல் தமிழில் கபச்சுரப்பி. உருவம் சிறிது, அதிகாரமோ பெரிது. பல சுரப்பிகளுக்கு ஆணையிடுவது அதுதான். அதில் கட்டி வந்தால் சிலருக்குப் பக்கப் பார்வை மங்கும். சிலருக்குக் கையும் காலும் பருத்து, போட்ட மோதிரம் இறுகும், பழைய செருப்புச் சேராது. உழைத்த உடம்பு, வயதாகிறது என்று பாட்டாளி தள்ளிப்போடுவான். ஆண்டுகள் ஓடிவிடும்.

பெரும்பாலும் மூக்கு வழியாகவே கருவியை நுழைத்துக் கட்டியை எடுக்கிறார்கள். மண்டையைத் திறக்க வேண்டியதில்லை. அறிவியல் தந்த அரிய கொடை அது! ஆனால் இடம் இடுக்கு. மேலே கண் நரம்பு. இருமருங்கிலும் மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெருங்குழாய்கள். நூலளவு பிசகினாலும் நட்டம் நோயாளிக்குத்தான்.

அமெரிக்காவில் 958 நரம்பியல் அறுவை மருத்துவர்களைக் கேட்டெழுதிய ஆய்வு 1997-இல் வெளிவந்தது. இந்த அறுவையை 200-க்கும் குறைவாகச் செய்தவர்களிடம் இறந்தோர் நூற்றுக்கு 1.2 பேர். 500-க்கு மேல் செய்தவர்களிடம் 0.2 பேர். ஆறில் ஒரு பங்கு! 2003-இல் வந்த இன்னோர் ஆய்வு 538 மருத்துவமனைகளில் நடந்த 5,497 அறுவைகளை எடைபோட்டது. அதிகம் செய்த இடத்தில் சாவு குறைவு, சிக்கலும் குறைவு.

கைப்பழக்கம் மட்டுமா காரணம்? இல்லை. ஆபத்து அறுவைக் கூடத்தோடு முடிவதில்லை. சிலருக்கு அடங்காத தாகம், குடம் குடமாய்ச் சிறுநீர். சிலருக்கு மூக்கிலிருந்து தெளிந்த நீர் சொட்டும். சளி என்று துடைத்துவிட்டால் மூளைக்காய்ச்சலில் கொண்டுவிடலாம். இன்னும் சிலருக்கு ஒரு வாரம் கழித்து, வீடு திரும்பிய பின், இரத்தத்தில் சோடியம் உப்பு இறங்கும். தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு! அடிக்கடி பார்த்த செவிலிக்கு இது தெரியும். சுரப்பி மருத்துவரும் கண் மருத்துவரும் கூடவே இருக்கிற இடத்தில் இது தப்பாது. ஆண்டுக்கு இரண்டே பேரைப் பார்க்கிற இடத்தில் யார் நினைவில் இருக்கும்?

1949-இல் வேலூரில் ஜேக்கப் சாண்டியும், 1950-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் இராமமூர்த்தியும் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கிய காலத்தில் நம் சீமைக்காரனுக்கு வேறு வழியில்லை, இரயிலேற வேண்டும். இன்று மதுரை பக்கம். 2012-இல் சிவகங்கைக்கே மருத்துவக் கல்லூரி வந்தது. உடனே சிலர் கேட்கிறார்கள்: எல்லா அறுவையும் எங்கள் ஊரிலேயே நடந்தால் என்ன?

பிரசவமா, குடல்வாலா, எலும்பு முறிவா? ஊருக்கு ஊர் வேண்டும். அதில் ஒரு படியும் இறங்கமாட்டோம். ஆனால் அபூர்வமான இந்தக் கட்டியை இருபது இடத்தில் பங்குபோட்டால் இருபது இடமும் கற்றுக்குட்டியாகவே நிற்கும். சில இடங்களில் குவியட்டும். அங்கே போய்வரும் பேருந்துக் கட்டணத்தையும், உடன் போகிறவரின் கூலி இழப்பையும் அரசு ஏற்கட்டும். அதைச் சொல்லாமல் குவிப்பைப் பேசுவது கார் வைத்திருப்பவனின் நியாயம்!

முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையைக் காட்டியதும் கதவைத் திறக்கிற தனியார் மருத்துவமனைகளும் எண்ணிக்கையைச் சொல்லட்டும். காப்பீட்டுப் பணம் மக்கள் பணம். செய்தது எத்தனை, இறந்தது எத்தனை, சிக்கலுற்றது எத்தனை என்று வாசலில் எழுதிவைக்கட்டும். கடினமான நோயாளிகளை ஏற்கும் இடத்தில் சாவு சற்றுக் கூடலாம், மறுக்கவில்லை. அதையும் சேர்த்தே எழுதட்டும்.

திடீரெனத் தலை பிளக்கும் வலியும் பார்வை இழப்பும் வந்தவர் மட்டும் இந்தக் கணக்குப் பார்த்துக் காத்திருக்கக் கூடாது. 108-ஐ அழைத்து உடனே போகவேண்டும்.

இன்னொன்று, செலவில்லாதது. வீடு திரும்புகிறவர் கையில் தமிழில் ஒரு தாள் கொடுங்கள்: எந்த நாளில் சோடியம் பார்ப்பது, எந்த மாத்திரையை நிறுத்தக் கூடாது, எந்த எண்ணுக்குப் பேசுவது. அந்த இரத்தப் பரிசோதனைக்கு அவர் மறுபடி சென்னைக்கோ வேலூருக்கோ அலைய வேண்டாம். காரைக்குடி அரசு மருத்துவமனையிலேயே எடுத்து, முடிவை அன்றைக்கே அறுவை செய்த மருத்துவருக்கு அனுப்பட்டும்.