இரும்பு போட்டாச்சு, இனி நடக்கலாமா?

விபத்தில் எலும்பு முறிந்து படுத்திருப்பவரைப் பார்க்கப் போனால் ஒரு பேச்சு கட்டாயம் காதில் விழும். "உள்ள இரும்பு போட்டாச்சு, இனி பயமில்ல." ஆறுதலுக்காகச் சொல்வதுதான். ஆனால் அறிவியல்படி அது பாதி உண்மை. மீதிப் பாதி தெரியாததால் என் தாய்மாமா இரண்டாம் முறை அறுவைக் கூடத்துக்குப் போனார்.

மாமா புக்கிட் ரோத்தான் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறார். ஒரு நாள் விடியற்காலையில், குலை ஏற்றி வந்த லோரி அவருடைய மோட்டாரை இடித்துத் தள்ளியது. இடுப்பெலும்பு முன்னால் ஓரிடத்திலும் பின்னால் ஓரிடத்திலும் முறிந்தது. பின்பக்கம் திருகாணி ஒன்றைப் போட்டார்கள், நாம் பேச்சில் ஸ்குரு என்போமே, அதுதான். அந்தப் பக்கத்துக் காலை ஊன்றக் கூடாது என்று சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஏன் ஊன்றக் கூடாது என்பதைச் சொல்ல யாருக்கும் நேரமில்லை போலும். நான்காவது வாரம் வலி குறைந்தது. வேலைக்குத் திரும்பும் அவசரத்தில் இருந்தவர், "இரும்புதானே தாங்குது" என்று ஊன்றுகோலை ஓரமாகச் சாய்த்துவிட்டு நடந்தார். ஆறாவது வாரம் எடுத்த எக்ஸ்ரேயில் திருகாணி தளர்ந்து வெளிப்பக்கமாக நழுவியிருந்தது.

மாமாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குறை என்னைப் போன்ற ஆசிரியர்களிடம்தான் இருக்கிறது. படிவம் 4 உயிரியலில் எலும்புகளின் பெயர்களை மனப்பாடம் செய்ய வைக்கிறோம். படிவம் 5 இயற்பியலில் விசைகளின் சமநிலையைக் கணக்காகப் போட வைக்கிறோம். இரண்டும் ஒரே உடம்பில் நடப்பவை என்று காட்டுவதில்லை. இன்று அதைச் செய்து பார்ப்போம்.

இடுப்பு ஒற்றை எலும்பு அன்று. இடமும் வலமும் இரண்டு பெரிய எலும்புகள். பின்னால் அவற்றின் நடுவே, முதுகுத்தண்டின் அடியில், திருவெலும்பு. முன்னால் இரண்டு பக்கமும் குருத்தெலும்பால் இணைகின்றன. ஆக, அது ஒரு வளையம். ஆனால் எலும்புகளை மட்டும் எடுத்து மேசையில் வைத்தால் வளையம் நிற்காது, மூன்று துண்டாகச் சாய்ந்துவிடும். அவற்றைக் கட்டிப் பிடித்திருப்பவை தசைநார்கள், நீங்கள் பாடநூலில் லிகமென் என்று படிப்பவை. பின்பக்கத் தசைநார்கள் உடம்பிலேயே மிக வலுவானவற்றில் சேர்த்தி. மேலுடம்பின் எடை அந்த வழியாகத்தான் கால்களுக்கு இறங்குகிறது.

கண்ணாடி வளையலை ஓரிடத்தில் மட்டும் உடைத்து விரிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். (செய்து பார்க்க வேண்டாம், கையைக் கீறும்.) விரிக்க விரிக்க இன்னோர் இடமும் உடையும். இடுப்பு வளையமும் அப்படித்தான். முன்பக்க இணைப்பு 2.5 சென்டிமீட்டருக்கு மேல் விரிந்திருந்தால் பின்னால் தசைநாரும் கிழிந்திருக்கும் என்பது மருத்துவர்களின் நெடுநாள் கணக்கு. கனடாவைச் சேர்ந்த மார்வின் டைல் என்ற மருத்துவர் 1980களில் இந்த முறிவுகளை மூன்றாக வகைப்படுத்தினார். எத்தனை துண்டு என்று அவர் எண்ணவில்லை, எந்தத் திசையில் அசையும் என்று கேட்டார். அசையாதவை ஒரு வகை. புத்தகம்போல் விரிந்து மூடும், ஆனால் மேலும் கீழும் நகராதவை இன்னொரு வகை. எல்லாத் திசையிலும் நகர்பவை மூன்றாவது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வளையம் விரியும்போது உள்ளே இரத்தம் தேங்குவதற்கான இடமும் பெருகுகிறது. கோலசிலாங்கூரிலிருந்து தஞ்சோங் காராங் போகும் சாலையில் யாராவது விழுந்து கிடந்தால், கை ஒருவர் கால் ஒருவர் என்று பிடித்துத் தூக்கிக் காரில் போடாதீர்கள். முறிந்திருக்கிறதா என்று இடுப்பை அமுக்கியோ ஆட்டியோ பார்க்காதீர்கள். 999ஐ அழைத்து, அவரை அசையாமல் வைத்திருங்கள்.

இனி திருகாணிக்கு வருவோம். 1990களில் அமெரிக்காவின் சியாட்டல் நகரில் சிப் ரௌட் என்ற அறுவை மருத்துவர் பரவலாக்கிய முறை இது. பெரிதாகக் கீறித் திறப்பதில்லை. பக்கவாட்டில் சிறு வெட்டு. எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே மெல்லிய கம்பி ஒன்றை இடுப்பெலும்பு வழியாகத் திருவெலும்புக்குள் செலுத்துவார்கள். பிறகு நடுவில் துளையுள்ள திருகாணியை அந்தக் கம்பியின் மேல் கோத்து முடுக்குவார்கள். அதன் தடிப்பு சுமார் 7 மில்லிமீட்டர், உங்கள் பென்சில் அளவு. பக்கத்திலேயே காலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் போகும் நரம்புகள். குறி தவறக்கூடிய இடமே அன்று.

ஒரு பென்சில் அளவு உலோகம் ஓர் ஆளின் எடையை எப்படித் தாங்கும்? தாங்குவதில்லை என்பதே பதில். பத்துப் புத்தகங்களை வரிசையாக நிறுத்தி, இரு முனைகளையும் உள்ளங்கைகளால் அழுத்தித் தூக்குங்கள். நடுப்புத்தகத்தை யாரும் பிடிக்கவில்லை, ஆனாலும் அது விழாது. அழுத்தத்தால் வரும் உராய்வு அதைப் பிடிக்கிறது. கையைச் சற்றே தளர்த்தினால் நடுவிலுள்ளவை சரியும். பல முறிவுகளில் திருகாணி செய்வது அந்த உள்ளங்கை வேலைதான். முறிந்த இரு பக்கங்களையும் ஒன்றோடொன்று நெருக்குகிறது. நரம்புத் துளைகளின் வழியாகவே முறிவு ஓடினால் அதிகம் நெருக்க முடியாது, நரம்பு நசுங்கும். அங்கே அசையாமல் நிறுத்தினாலே போதும் என்று விட்டுவிடுவார்கள்.

இப்போது வீட்டுச் சோதனை. மரவள்ளிக்கிழங்குத் துண்டுகள் இரண்டை முகத்தோடு முகம் சேர்த்து, ஒரு சாத்தே குச்சியைக் குத்துங்கள். ஒரு துண்டைத் திருகினால் சக்கரம்போல் சுழலும். இரண்டாவது குச்சியைச் சற்றுத் தள்ளிக் குத்துங்கள், சுழற்சி நின்றுவிடும். தானமாகக் கிடைத்த உடல்களின் இடுப்பெலும்பை வைத்து ஆய்வகங்களில் செய்த சோதனைகளும் இதையே காட்டின. எல்லாத் திசையிலும் அசையும் முறிவில், பின்பக்கம் ஒன்றைவிட இரண்டு திருகாணிகள் திருகலை நன்றாக எதிர்க்கின்றன. வளையம் அல்லவா, முன்பக்கத்தையும் சேர்த்துப் பிடித்தால் உறுதி இன்னும் கூடுகிறது. ஆனாலும் முறியாத இடுப்பின் விறைப்பைத் திருகாணிகள் எட்டவில்லை.

குச்சிகளை அப்படியே விட்டு, துண்டுகளை ஐம்பது தடவை மேலும் கீழும் ஆட்டுங்கள். குச்சி உடையாது. கிழங்கில் உள்ள துளைதான் அகலமாகும். மாமாவின் இடுப்பில் நடந்ததும் இதுதான். நாம் இரும்பு என்று சொல்வது உண்மையில் துருப்பிடிக்காத எஃகு அல்லது டைட்டானியக் கலவை. எஃகு, எலும்பின் கெட்டியான மேற்பகுதியைவிடச் சுமார் பத்து மடங்கு விறைப்பானது. பஞ்சுபோன்ற உள்ளெலும்போடு ஒப்பிட்டால் நூற்றுக்கணக்கான மடங்கு. இரண்டும் மோதினால் தேய்வது எலும்புதான். நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் இடுப்பு மூட்டில் விழும் விசை உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு. 70 கிலோ ஆளுக்கு எடை ஏறக்குறைய 700 நியூட்டன், மீதிக் கணக்கை நீங்களே போடுங்கள். பிறகு அதை ஒரு நாளின் அடிகளால் பெருக்கிப் பாருங்கள்.

அதே சோதனையை அவித்த கிழங்கில் செய்தால் ஐந்தாறு ஆட்டத்திலேயே குச்சி கழன்றுவிடும். பால்மரம் வெட்டிய காலத்தில் மலைமேடு ஏறி இறங்கிய நம் பாட்டிகள் சிலருக்கு, இன்று குளியலறையில் வழுக்கினாலே இடுப்பு முறிகிறது. எலும்பின் அடர்த்தி குறைந்துபோனால் திருகாணியின் மரைக்குக் கடித்துப் பிடிக்க இடமில்லை. எவ்வளவு விலை உயர்ந்த திருகாணியாக இருந்தாலும் சரி.

அப்படியென்றால் மூன்று மாதம் படுக்கையிலேயே கிடப்பதுதான் பாதுகாப்பா? சில வீடுகளில் அப்படித்தான் செய்கிறார்கள், அதையும் நான் ஏற்கவில்லை. கிடந்தால் படுக்கைப்புண் வரும், காலில் இரத்தம் உறையும், தசை கரையும். நோயாளி சீக்கிரம் எழுந்து உட்கார வேண்டும், ஊன்றுகோலோடு நகர வேண்டும் என்பதற்காகவே திருகாணி போடுகிறார்கள். எலும்பு தானாகச் சேரப் பொதுவாக 6 முதல் 12 வாரங்கள். அதுவரை அசைவைக் கட்டுக்குள் வைப்பதுதான் திருகாணியின் வேலை. எலும்பு சேர்ந்தபின் தாங்கப்போவது எலும்பே.

ஆகவே மருத்துவர் "லேசாக ஊன்றலாம்" என்று சொல்லும் நாளில், லேசு என்றால் எத்தனை கிலோ என்று கேளுங்கள். உங்கள் வீட்டில் மலாயும் ஆங்கிலமும் நன்றாகப் பேசுபவர் பெரும்பாலும் நீங்களாகத்தான் இருப்பீர்கள், நீங்களே கேளுங்கள். 10 கிலோ என்றால், எடை பார்க்கும் தராசைத் தரையில் வையுங்கள். நல்ல காலுக்கு அடியில் அதே உயரத்துக்கு ஒரு பலகை. ஊன்றுகோலைப் பிடித்தபடி, முள் 10ஐத் தொடும்வரை மட்டும் மற்றக் காலை அழுத்தச் சொல்லுங்கள். இயன்மருத்துவர்கள் இப்படிப் பழக்குவதுண்டு.

இரண்டாவது அறுவைக்குப் பிறகு மாமாவுக்கு முள்ளைப் பார்த்துச் சொன்னவன் நான்தான். முதல் நாள் அவர் "லேசாத்தான்டா வச்சிருக்கேன்" என்றார். முள் 34இல் நின்றது.