பதினெட்டு மாத ஆட்சி விட்டுச் சென்றது

மத்தியில் கூட்டணி ஆட்சி என்றால் கொள்கை இராது, நாற்காலிச் சண்டைதான் இருக்கும் என்பார்கள். 1996 ஜூன் முதல் 1997 நவம்பர் வரை நடந்த ஐக்கிய முன்னணி ஆட்சியைப் பொறுத்தவரை இது பாதி உண்மை. பதின்மூன்று கட்சிகள் சேர்ந்த அரசு. காங்கிரஸ் வெளியிலிருந்து முட்டுக் கொடுத்தது. தேவகவுடா பதினோரு மாதம் நிறையுமுன் விலக, குஜ்ரால் பிரதமரானார்.

சிறிய அண்டை நாடுகளிடம் பதிலுக்குப் பதில் கேட்காமல், பெரிய நாடே முதலில் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது குஜ்ரால் கொள்கை. அவர் வெளிநாட்டு அமைச்சராக இருந்தபோது, 1996 டிசம்பர் 12-இல் வங்கதேசத்துடன் கங்கை நீர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. பராக்கா அணையால் நெடுங்காலம் நீடித்த தகராறுக்கு முப்பதாண்டு ஏற்பாடு அது. 1997 ஜூனில் பாங்காக்கில் இந்தியா, வங்கதேசம், இலங்கை, தாய்லாந்து நான்கும் ஒரு பொருளாதாரக் கூட்டமைப்பு கண்டன. டிசம்பரில் பர்மாவும் சேர்ந்தது. இத்தனை நாடுகளுக்கும் நடுவே கிடப்பவை நம் தீவுகள். ஆனால் ஸ்ரீ விஜயபுரமாகிவிட்ட போர்ட் பிளேரிலிருந்து பயணிக் கப்பல் இன்றும் சென்னை, கொல்கத்தா, விசாகப்பட்டினம் என்று தாயகத்துக்குத்தான் போகிறது!

பொருளாதாரத்தில் நிதியமைச்சர் சிதம்பரத்தின் 1997 பட்ஜெட்தான் பெரிய செய்தி. வருமான வரியின் உச்ச விகிதம் 40 சதவீதத்திலிருந்து 30 ஆனது. கறுப்புப் பணத்தைத் தாமாக அறிவித்தவர்கள் 30 சதவீதம் கட்டினால் அபராதமும் கிடையாது, வழக்கும் கிடையாது. அரசுக்குச் சுமார் 10,000 கோடி ரூபாய் கிடைத்தது வாஸ்தவம். மாதாமாதம் சம்பளத்திலேயே வரி பிடித்தம் கண்ட குமாஸ்தாவுக்கு இது நியாயமாகப் படுமா?

அதே குமாஸ்தாவுக்கு ஐந்தாவது சம்பளக் கமிஷன் கைகொடுத்தது. 1996 ஜனவரி முதல் கணக்கிட்டு அரியர்ஸும் வந்தது. கமிஷன் சிபாரிசு செய்ததைவிடத் தாராளமாகவே குஜ்ரால் அரசு கொடுத்தது. வரியையும் குறைத்துச் சம்பளத்தையும் ஏற்றினால் கஜானா என்னாகும்? பற்றாக்குறையை 4.5 சதவீதத்தில் நிறுத்துவதாகச் சொன்ன கணக்கு நிற்கவில்லை. இடையில் 1996 ஜூலையிலும் 1997 செப்டம்பரிலும் பெட்ரோலியப் பொருள்களின் விலை ஏறிற்று. அரிசி முதல் சிமெண்ட் வரை கப்பலில் வரவேண்டிய தீவில், அரியர்ஸ் காணாத கூலித் தொழிலாளிக்கு அது நேரடி அடி.

இவை எதற்காகவும் அரசு கவிழவில்லை. ராஜீவ் கொலை பற்றிய ஜெயின் கமிஷனின் இடைக்கால அறிக்கையைக் காட்டி, தி.மு.க. அமைச்சர்களை நீக்கக் காங்கிரஸ் கேட்டது. குஜ்ரால் மறுத்தார். 1997 நவம்பர் 28-இல் ஆதரவு போயிற்று, அன்றே ராஜினாமா. சம்பள உயர்வின் சுமை அடுத்து வந்த வாஜ்பாய் அரசின் கணக்கில் ஏறியது.