சாப்பாடு உட்பட

எங்கள் ஓய்வுபெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் பத்து நாளாக ஒரே பேச்சு. மதுரை சுற்றுலா ஏஜென்ட் ஒருவர் விளம்பரம் அனுப்பியிருக்கிறார். சிங்கப்பூர் வரை விமானம், அங்கிருந்து மூன்று இரவு சொகுசுக் கப்பல், "சாப்பாடு உட்பட". அருப்புக்கோட்டையிலிருந்து நான்கு ஜோடி, திருச்சுழியிலிருந்து இரண்டு ஜோடி இதுவரை பெயர் கொடுத்தாயிற்று. போகட்டும், நான் தடுக்கவில்லை. குண்டாற்றில் நாலு நாள் தண்ணீர் ஓடினாலே பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கிற ஊர்க்காரர்கள் நாம். அறுபதுக்கு மேல் கடலைப் பார்க்க ஆசைப்பட்டால் தப்பென்ன? என் சண்டை அந்த இரண்டு சொற்களோடுதான். சாப்பாடு உட்பட என்றால் எந்தச் சாப்பாடு? எந்த ஹாலில்? எந்தப் பந்தியில்?

கப்பல் ஏறாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். இன்றைய பெரிய கப்பலில் சாப்பிடும் இடங்கள் பத்தும் இருக்கும், இருபதும் இருக்கும். டிக்கெட் காசில் அடங்குவது பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, 'மெயின் டைனிங் ரூம்' என்ற பெரிய ஹால். மேஜைவிரிப்பு போட்டு, பட்டியல் கொடுத்து, பரிமாறுவார்கள். இன்னொன்று, மேல் தளத்தில் 'பஃபே'. தட்டை எடுத்துக்கொண்டு நாமே போட்டுக்கொள்ள வேண்டும். சின்னச் சின்ன பீட்சா, காபிக் கடைகளும் சில கப்பல்களில் உண்டு. மற்றதெல்லாம் 'ஸ்பெஷாலிட்டி'. ஜப்பான் சமையல், இத்தாலியச் சமையல், மாட்டிறைச்சி வறுவலுக்கென்று ஒன்று. உள்ளே போனால் தலைக்கு 30 டாலர், 60 டாலர் என்று தனிக் கணக்கு. அதற்கு மேல் பரிமாறும் கூலி என்று நூற்றுக்கு 18, 20 தானாகவே ஏறும். பில்லில் கையெழுத்து மட்டும் போடுகிறோம், பணம் கண்ணில் படுவதில்லை. மில்லில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவன் நான். கண்ணில் படாத பணம் எவ்வளவு வேகமாகப் போகும் என்று எனக்குத் தெரியும்.

இந்தத் தனிக் கட்டண உணவகம் புதுசு ஒன்றுமில்லை. 1905-ல் ஓடத் தொடங்கிய 'அமெரிக்கா' என்ற ஜெர்மன் கப்பலில் ரிட்ஸ்-கார்ல்டன் பெயரில் ஒன்று வைத்தார்கள். 1912-ல் மூழ்கிய டைட்டானிக்கிலும் முதல் வகுப்புக்காரர்களுக்கென்று ஒன்று இருந்தது. ஆனால் அந்தக் காலத்துக் கப்பலில் வகுப்பு என்பது வெளிப்படை. முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்று டிக்கெட்டிலேயே அச்சடித்திருப்பான். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

நம்மூர்க்காரர்களுக்கு அந்தக் கப்பல் வேறு பெயரில் தெரியும். 'ரஜூலா'. 1926-ல் கட்டியது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. ராமநாதபுரம் சீமையிலிருந்து பஞ்சம் பிழைக்கவும், வட்டிக்கடை, பலசரக்குக் கடை வேலைக்கும் போன எத்தனையோ பேர் அதில் 'டெக் பாசஞ்சர்'. பாய் விரித்த இடம்தான் அறை. எங்கள் தெருவில் பினாங்கு போய்வந்த ஒரு தாத்தா இருந்தார். கப்பலைப் பற்றிக் கேட்டால் அலையைப் பற்றிச் சொல்ல மாட்டார். மேலே வெள்ளைக்காரன் சாப்பிடுகிற ஹாலிலிருந்து வரும் கரண்டிச் சத்தத்தைப் பற்றித்தான் சொல்லுவார். "ஏழு நாளும் அந்தச் சத்தத்தக் கேட்டுத்தாம்யா சோறு தின்னோம்" என்பார். பிறகு 'சிதம்பரம்' வந்தது. 'பாஸ்டர்' என்ற பிரெஞ்சுக் கப்பலை வாங்கி நம் ஷிப்பிங் கார்ப்பரேஷன் ஓட்டியது. 1985-ல் அது நடுக்கடலில் தீப்பிடித்ததோடு அந்தக் கப்பல் காலம் முடிந்தது.

அந்தத் தாத்தாவின் பேரப்பிள்ளைகள்தான் இன்று காசு கொடுத்து, மாடியில் கரண்டிச் சத்தம் கேட்கிற கப்பலில் ஏறுகிறார்கள்.

பந்தி என்பது நம் பக்கத்தில் விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை. சேரன்மாதேவி குருகுலத்தில் இரண்டு பிராமணப் பையன்களுக்குத் தனிச் சாப்பாடு போட்டதுதான் 1924, 25-ல் தமிழ்நாட்டுக் காங்கிரஸையே உலுக்கியது. ரயில் நிலைய உணவு விடுதிகளில் பிராமணர், இதரர் என்று பிரித்திருந்த பலகையை எடுக்க 1941 வரை போராட வேண்டியிருந்தது. விருதுநகர்க்காரர் ஒருவர் முதலமைச்சராகி 1956-ல் பள்ளிக்கூடத்தில் மதிய உணவு போட்டார். நம் அருப்புக்கோட்டைத் தொகுதியில் 1977-ல் ஜெயித்து முதலமைச்சரான எம்.ஜி.ஆர். 1982-ல் அதைச் சத்துணவாக்கினார். அந்த வரிசையில் உட்கார்ந்த பையன்களுக்குச் சோற்றின் ருசியை விடப் பக்கத்தில் யார் உட்கார்ந்தான் என்பதுதான் பெரிய பாடம். டீக்கடையில் தனி டம்ளர் இருந்த ஊர்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

"சாதிக்கும் காசுக்கும் முடிச்சுப் போடாதீரும், காசு இருக்கிறவன் தனியாச் சாப்பிட்டா உமக்கு என்ன நட்டம்?" என்று குழுவில் ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். அருப்புக்கோட்டையில் நான் இந்தக் கேள்வியைக் கேட்கவே மாட்டேன். ஒரு கடையில் பரோட்டா விலை ஏறினால் எதிர்த்த கடைக்குப் போய்விடலாம். கப்பலில் எதிர்த்த கடை கிடையாது, கடல்தான் இருக்கிறது. எல்லாக் கடையும் ஒரே முதலாளியுடையது. கட்டண ஹாலில் ஆள் சேர வேண்டுமென்றால் பொது ஹாலின் ருசி கொஞ்சம் குறைந்தால் அவனுக்கு லாபம். குறைக்கிறான் என்று நான் சத்தியம் செய்யவில்லை, குறைத்தால் அவனைக் கேட்பார் யாரும் இல்லை என்கிறேன். இதையும் கேளுங்கள்: கார்னிவல் கப்பல்களில் பொது ஹாலில் மூன்றாவது முதன்மைப் பதார்த்தம் கேட்டால் 5 டாலர் தனி. மூன்று தட்டு யார் தின்பார்கள் என்று சிரிக்கலாம். நானும் தின்ன மாட்டேன். ஆனால் நம் பந்தியில் இலை மேல் கையை மறித்து "போதும்" என்று சொல்லுகிற உரிமை சாப்பிடுகிறவனுடையது. அங்கே அதைக் கணக்குப்பிள்ளை எடுத்துக்கொண்டான்.

பிரிப்பதை ஒளிக்காமல் செய்கிறவர்களும் உண்டு. குனார்டு கம்பெனியின் 'குயின் மேரி 2' கப்பலில் எந்த அறை எடுத்தீர்களோ அதைப் பொறுத்துத்தான் சாப்பாட்டு ஹால். சாதா அறைக்கு பிரிட்டானியா, பெரிய அறைக்கு பிரின்சஸ் கிரில், அதற்கும் மேலே குயின்ஸ் கிரில். சிங்கப்பூரிலிருந்து நம்மவர்கள் அதிகம் போகிற 'கெண்டிங் ட்ரீம்' கப்பலில் 'தி பேலஸ்' என்று பணக்கார அறைக்காரர்களுக்கு ஒரு தனிப் பகுதி. அவர்களுக்கு உணவகமும் தனி, ஏவலாளும் தனி. அதே கப்பலில் சைவம், ஜைனம், ஹலால் என்று பார்த்துச் சமைக்கிறார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

எனக்குப் பிடித்தது டிஸ்னி கப்பல்களின் ஏற்பாடு. மூன்று பெரிய ஹால்; இன்றைக்கு ஒன்று, நாளைக்கு இன்னொன்று என்று எல்லாப் பயணிகளையும் சுழற்சியில் அனுப்புவார்கள். பரிமாறுகிறவர்களும் கூடவே வருவார்கள். மூன்றாம் நாள் உங்கள் பேரனுக்குத் தயிர் பிடிக்குமா என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கேயும் பெரியவர்களுக்கு மட்டும் என்று ஒரு கட்டண உணவகம் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஓசியானியா என்ற கம்பெனி ஸ்பெஷாலிட்டி உணவகங்களுக்குத் தனிக் கட்டணமே வாங்குவதில்லை. டிக்கெட் விலை அதிகம்தான். ஆனால் வாசலில் ஒரு முறை வாங்கிக்கொண்டு உள்ளே விட்டுவிடுகிறான். சீர்வரிசை பேசி முடித்த பிறகு தாலி கட்டும் நேரத்தில் ஸ்கூட்டர் கேட்கிற மாப்பிள்ளை இல்லை.

இனி ஒயின் கதை. நான் குடிப்பதில்லை. குடிக்கிறவர்களைத் திட்டுவதற்காகவும் இதை எழுதவில்லை. 2022 ஜூனில் முதலமைச்சர் ஸ்டாலின் சென்னையில் கொடியசைத்து அனுப்பிய கார்டீலியா 'எம்ப்ரஸ்' கப்பலுக்குப் புதுச்சேரியில் எதிர்ப்பு வந்து, பயணிகளை இறக்க அனுமதி கிடைக்கவில்லை. பேச்செல்லாம் சூதாட்டம், மது பற்றியே. மதுக்கடைக்குப் பேர்போன புதுச்சேரியில் மதுவுக்காக ஒரு கப்பலைத் தடுத்தது வேடிக்கைதான். அந்தக் கப்பலில் டிக்கெட்டில் அடங்கும் 'ஸ்டார்லைட்' ஹாலும், தனிக் காசு கேட்கும் 'சாப்ஸ்டிக்ஸ்' உணவகமும் இருப்பதை ஒருவரும் பேசவில்லை.

ஒயின் என்ற சொல்லே நமக்குக் குழப்பம். 2003-ல் டாஸ்மாக் சில்லறை விற்பனையை எடுத்துக்கொள்ளும் வரை மூலைக்கு மூலை 'ஒயின்ஸ்' என்று போர்டு தொங்கியது. உள்ளே பிராந்தி இருக்கும், ரம் இருக்கும், ஒயின் மட்டும் இருக்காது. அதனால் கப்பல் ஹாலில் ஒயினுக்கென்றே ஒருவர் கோட்டு போட்டு வரும்போது நம்மவர்கள் பாதிப் பேர் எழுந்து நின்றுவிடுகிறார்கள். உட்காருங்கள். அவர் பாட்டிலைக் காட்டுவது கேட்டதுதானா என்று நீங்கள் சரிபார்க்க. ஒரு மடக்கு ஊற்றுவது பாட்டில் கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்க. கல்யாணச் சமையல்காரர் ரசத்தை உள்ளங்கையில் ஊற்றி "உப்புப் பாருங்க மாமா" என்று நீட்டுவது மாதிரிதான். அந்தச் சேவையில் ஒரு நல்ல பழக்கமும் உண்டு. பாட்டிலை ஒரே ராத்திரியில் முடிக்க வேண்டியதில்லை. மீதியை அறை எண் எழுதி எடுத்துவைத்து அடுத்த ராத்திரி கொண்டுவந்து தருவார்கள். இது பழைய கப்பல்காரன் மரியாதை.

கெட்டது 'டிரிங்ஸ் பேக்கேஜ்'. ஒரு நாளைக்கு இத்தனை டாலர் என்று மொத்தமாகக் கட்டிவிட்டால் கேட்டபோதெல்லாம் கோப்பை. பயணத்தின் எல்லா நாளுக்கும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும். கப்பல் ஒரு துறைமுகத்தில் நின்று நீங்கள் பகல் பூராவும் கரையில் சுற்றினாலும் அந்த நாளுக்கும் காசு. பாட்டிலாக வாங்கினால் பெரும்பாலும் அதில் சேராது. எல்லாவற்றையும் விட மோசம், பல கம்பெனிகளில் ஒரே அறையில் ஒருவர் எடுத்தால் அந்த அறையிலுள்ள பெரியவர்கள் எல்லாரும் எடுத்தாக வேண்டும். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மகன் எங்களை ஒரு கப்பலில் கூட்டிப்போனபோது அவனுக்கு நடந்தது இது. அவன் மாலையில் ஒரு கிளாஸ் குடிக்கிறவன், மருமகள் தொட மாட்டாள். இரண்டு பேருக்கும் கட்டினான். மருமகள் மூன்று நாளும் எலுமிச்சை ஜூஸ் குடித்தே தன் பங்கைக் கழிக்கப் பார்த்தாள். "மாமா, உங்களுக்கும் ஒண்ணு வாங்கித் தரட்டா?" என்று கேட்டபோது, அவள் பங்கில் அடுத்தவர் குடிக்கக்கூடாது என்று பரிமாறுகிற பையன் பணிவாகச் சொல்லிவிட்டான். என் முன்னால் இருந்த ஒயின் கோப்பையை, நான் வேண்டாம் என்றதும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதற்குப் பிறகு ஒயின்காரர் எங்கள் மேஜைப் பக்கமே திரும்பவில்லை.

சாப்பாட்டோடு ஒயினைச் சேர்த்துத் தருவது முடியாத காரியமா? அட்லாண்டிக்கில் ஓடிய பிரெஞ்சு லைன் கப்பல்களில் மூன்றாம் வகுப்பு மேஜைக்கும் சாதா ஒயின் இலவசம். இன்றைக்கும் வைகிங் கம்பெனி மதியச் சாப்பாட்டுக்கும் ராச்சாப்பாட்டுக்கும் பீரும் ஒயினும் டிக்கெட்டிலேயே தருகிறது. குடிக்கிறவன் குடிக்கிறான், மற்றவன் தண்ணீர் குடிக்கிறான், கணக்கு ஒன்றுதான். ஆக, முடியாதது இல்லை, மனசில்லை.

தண்ணீர் என்றதும் ஞாபகம் வருகிறது. கப்பல் கடல்நீரைத்தான் நன்னீராக்கிக்கொள்கிறது. ஹாலில் கேட்டால் டம்ளரில் இலவசமாகத் தருவார்கள். ஆனால் அறையில் ஒரு பாட்டில் வைத்திருப்பான், கழுத்தில் விலைச்சீட்டு தொங்கும். பங்குனி வெயிலில் தண்ணீர்ப் பந்தல் வைத்து, வழிப்போக்கன் யார் என்று கேட்காமல் மோர் ஊற்றுகிற வறட்டுச் சீமையில் பிறந்தவனுக்கு அதைப் பார்த்தால் எப்படியிருக்கும்? என் மனைவி அந்தச் சீட்டைத் திருப்பி வைத்துவிட்டுப் படுத்தாள்.

இதெல்லாம் கப்பலோடு நின்றுவிட்டால் நான் இவ்வளவு நீட்டி எழுதமாட்டேன். போன ஆவணியில் நம் பக்கத்து மண்டபம் ஒன்றில் கல்யாணம். கீழே எல்லாருக்கும் பந்தி. மாடியில் ஏசி ஹாலில் 'விஐபி டைனிங்', வாசலில் பெயர்ப்பட்டியலோடு ஒரு பையன். மாப்பிள்ளையின் பெரியப்பா கீழே, தகப்பனாரின் முதலாளி மேலே. "ஷிப் ஸ்டைல்ங்க" என்று பெருமையாகச் சொன்னார் சமையல் கான்ட்ராக்டர். எந்தக் கப்பலைச் சொன்னாரோ தெரியாது, எனக்கு ரஜூலாதான் கண்ணில் வந்தது.

பெயர் கொடுத்திருக்கிற ஆறு ஜோடிக்கும் ஒரு வார்த்தை. முன்பணம் கட்டுமுன் ஏஜென்டிடம் எழுத்தில் கேளுங்கள்: எந்தெந்த ஹால் டிக்கெட்டில் சேரும், தினப்படி 'டிப்ஸ்' தனியா, குடிபானப் பேக்கேஜை ஏற்கெனவே சேர்த்துவிட்டாரா, சேர்த்திருந்தால் எடுத்துவிட முடியுமா. கப்பலில் ஏறிய முதல் ராத்திரியே பெரிய ஹாலுக்குப் போய்த் தலைமைப் பரிமாறுநரைப் பார்த்து நம்மூர்ச் சைவச் சாப்பாடு வேண்டுமென்று சொல்லிவையுங்கள். மறுநாளிலிருந்து தனியாகச் செய்து தருவார்கள், காசு கேட்க மாட்டார்கள். மேஜை எட்டுப் பேருக்கானதாகக் கேளுங்கள். இரண்டு பேர் மேஜை கேட்டு ஜன்னலோரம் ஒதுங்காதீர்கள். ஊறுகாய் பாட்டிலை மட்டும் மறக்காமல் பெட்டியில் வையுங்கள், மூடியில் டேப் ஒட்டி.