எதிர்த்தரப்பைக் கேட்காத நல்ல நீதிபதி

நீதிமன்றத் தொடர்கள் மீதான பார்வையாளர் புகார்கள் குறித்து எங்கள் மன்றத்தின் நிலைப்பாடு

ஜி. எஃப். நியூமன் உருவாக்கிய 'ஜட்ஜ் ஜான் டீட்' தொடர் 2001 முதல் 2007 வரை பிபிசியில் வந்தது. மார்ட்டின் ஷா நடித்த சர் ஜான் டீட், இங்கிலாந்தின் ஹைகோர்ட் நீதிபதி. மேலிடத்துக்கு வளைந்துகொடுக்காதவர். ஒரு வழக்கை இன்னபடி முடித்துவிடுங்கள் என்று அதிகாரிகள் ஜாடை காட்டினால், அன்றைக்கே அதைத் தோண்டத் தொடங்கிவிடுவார். இப்படி ஒருவர் நிஜத்திலும் கிடைக்கமாட்டாரா என்று ஏங்கிய பார்வையாளர்கள் உண்டு. கோர்ட் வாசலை மிதித்தவர் எழுதிய கதைதானா இது என்று சிரித்த சட்டத் துறையினரும் உண்டு. மூன்றாவதாக ஒரு சாரார் ஒரு குறிப்பிட்ட அத்தியாயத்தைப் பார்த்துவிட்டு பிபிசிக்குப் புகார் எழுதினார்கள். இலட்சிய நீதிபதியை நாயகனாக்கும் தொடர்களை எந்த அளவுகோலால் அளப்பது என்ற கேள்வியில் எங்கள் மன்றம் இந்த மூன்றாம் சாராரோடு நிற்கிறது. சட்ட நடைமுறையைக் கதைக்கு வேண்டியபடி வளைத்துக்கொள்ள எழுத்தாளருக்கு உரிமை உண்டு. ஆனால் திரைக்கு வெளியே இன்னும் ஓயாத ஒரு சர்ச்சையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினால், நாயகன் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், எதிர்த்தரப்பும் தன் முழு வாதத்தையும் வைக்க இடம் கொடுத்தாக வேண்டும்.

டீட்டை நேசித்தவர்களை ஏமாளிகள் என்று ஒதுக்க எங்களுக்கு மனமில்லை. தொடர் தொடங்கிய காலத்தில் இங்கிலாந்தின் லார்ட் சான்சலர் ஒரே ஆளாக மூன்று நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார். அமைச்சரவையில் அவர் உறுப்பினர். பிரபுக்கள் சபையை நடத்துபவர். நீதித்துறைக்கும் அவரே தலைவர். நீதிபதிகளைத் தேர்ந்தெடுப்பதும் அவருடைய துறையின் கையில் இருந்தது. 2005-இன் அரசமைப்புச் சீர்திருத்தச் சட்டம் நிறைவேறி, 2006 ஏப்ரலில் நீதித்துறையின் தலைமை லார்ட் சீஃப் ஜஸ்டிஸிடம் போய், நியமனங்களுக்குத் தனி ஆணையம் அமைந்த பிறகுதான் அந்த முடிச்சு அவிழ்ந்தது. ஆகவே தொடரில் டீட்டை அடக்கப் பார்க்கும் லார்ட் சான்சலர் அலுவலகம் வெறும் கற்பனையில் முளைத்ததில்லை. அவருடைய துணிச்சலுக்கும் சட்டத்தில் வேர் இருக்கிறது. 1701-இல் வந்த சட்டத்தின்படி, நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் சேர்ந்து கேட்டுக்கொண்டால்தான் உயர் நிலை நீதிபதி ஒருவரை நீக்க முடியும். அப்படி நீக்கப்பட்டவர் இத்தனை காலத்தில் ஒருவர்தான்: அயர்லாந்தின் சர் ஜோனா பாரிங்டன், 1830-இல், நீதிமன்றத்துக்கு வந்த பணத்தைக் கையாண்டதற்காக. இவ்வளவு பெரிய பாதுகாப்பு எதற்காகத் தரப்பட்டதோ அதற்காக அதைப் பயன்படுத்தும் ஒருவரைப் பார்த்துப் பார்வையாளர் கைதட்டினால் அதில் பிழையில்லை.

சட்டம் தெரிந்தவர்களின் கிண்டலும் ஆதாரமற்றதன்று. டீட்டின் காதலி ஜோ மில்ஸ் அவர் முன்னாலேயே வாதாடுகிறார். விவாகரத்தான மனைவியும் அதே கோர்ட்டில்தான் வந்து நிற்கிறார். நிஜத்தில் இதைவிட எவ்வளவோ மெல்லிய நூலிழைத் தொடர்புக்கே தீர்ப்பு உடைந்துவிடும். 1998 நவம்பரில் சிலியின் முன்னாள் சர்வாதிகாரி பினோசேவின் வழக்கில் பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் மூவருக்கு இருவர் என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னார்கள். அந்த வழக்கில் அம்னெஸ்டி இன்டர்நேஷனலும் ஒரு தரப்பாகச் சேர்ந்திருந்தது. தீர்ப்பளித்தவர்களில் ஒருவரான ஹாஃப்மன் பிரபு, அம்னெஸ்டியோடு இணைந்த ஓர் அறக்கட்டளையின் இயக்குநர் என்பது வெளியே வந்ததும், டிசம்பரிலேயே அந்தத் தீர்ப்பு ரத்தாயிற்று. அவர் ஓரவஞ்சனை செய்தார் என்று யாரும் நிரூபிக்கவில்லை. நிரூபிக்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. இதையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகும், இந்த வகைப் பிழைகளை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காதலி வந்து வாதாடுவது கதையின் சுவைக்காக என்று பார்க்கிறவருக்குத் தெரியும். (இங்கிலாந்து நீதிபதிகள் சுத்தியலே தட்டுவதில்லை. திரையில் நீதிபதி என்றாலே தட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதனால் எந்த வழக்கும் கெட்டுவிடவில்லை.)

2006-இல் ஒளிபரப்பான அந்த அத்தியாயத்தின் கதை வேறு. தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்.எம்.ஆர். தடுப்பூசியை அது விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. பின்னணியை நினைவில் வைக்க வேண்டும். 1998 பிப்ரவரியில் 'லான்செட்' இதழில், வெறும் 12 குழந்தைகளை வைத்து, இந்தத் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பிருக்கலாம் என்று கோடிகாட்டும் கட்டுரை ஒன்று வந்தது. பெற்றோர் மிரண்டார்கள். 2003–04-இல் இங்கிலாந்தில் ஊசி போட்டுக்கொண்ட இரண்டு வயதுக் குழந்தைகளின் விகிதம் சுமார் 80 சதவீதத்துக்கு இறங்கியது. தட்டம்மை பரவாமல் தடுக்க 95 சதவீதம் தேவை. 2004-இலேயே அந்தக் கட்டுரையின் 13 ஆசிரியர்களில் 10 பேர் அதன் விளக்கத்தைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆக, அத்தியாயம் ஒளிபரப்பானபோது கட்டுரை ஏற்கெனவே ஆட்டங்கண்டிருந்தது. கதையிலோ தடுப்பூசியைச் சந்தேகிக்கும் தரப்பே ஓங்கி ஒலித்தது. சித்திரிப்பு ஒருதலைப்பட்சமாக இருந்தது என்ற புகாரை பிபிசியே ஏற்றுக்கொண்டது. அந்த அத்தியாயம் மறு ஒளிபரப்புக்கு வரவில்லை.

இதே கேள்வி நிஜ ஹைகோர்ட்டுக்கு 2003-இல் வந்திருந்தது என்பதுதான் எங்கள் வாதத்தின் அச்சாணி. தனித்தனி இரண்டு குடும்பங்கள். பிரிந்துபோன தந்தையர் இருவர் தம் மகள்களுக்குத் தடுப்பூசி போட வேண்டுமென்றார்கள், தாய்மார் வேண்டாமென்றார்கள். நீதிபதி சம்னர் இரு தரப்பு நிபுணர்களின் சாட்சியத்தையும் கேட்டார். தாய்மார் பக்கம் வந்த நிபுணர் எந்தெந்த ஆய்வுகளை நம்பினாரோ, அந்த ஆய்வுகள் அவர் சொன்னதைத்தான் சொல்கின்றனவா என்பதுவரை பார்க்கப்பட்டது. ஊசி போடுவதே குழந்தைகளுக்கு நல்லது என்று தீர்ப்பானது. மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. நீதிபதி செட்லி, தாய்மார் நம்பிய ஆதாரம் அறிவியல் என்ற பெயருக்கே தகாதது என்ற பொருள்படக் கடுமையாகச் சொன்னார். இந்த விசாரணையில் நாயகன் யாருமில்லை. மறுதரப்பைக் கடைசிவரை பேசவிட்டு, பேசியதைச் சலித்துப் பார்த்த பொறுமைதான் இருந்தது. திரை நீதிபதியிடம் விடுபட்டுப்போனது இந்தப் பொறுமை. நம்மிடமும் இதற்குப் பழைய உதாரணம் உண்டு. சிலப்பதிகாரத்துப் பாண்டியன் கெட்ட அரசனில்லை. தவறு தெரிந்த கணமே உயிரை விட்டவன். பொற்கொல்லன் சொன்னதைக் கேட்டான், கோவலனைக் கேட்கவில்லை, அவ்வளவே.

'கதையைக் கதையாகப் பார்க்கத் தெரியாதா, பார்வையாளர் என்ன குழந்தைகளா?' என்று எங்களிடம் கேட்பார்கள். பார்வையாளரின் புத்தியை நாங்கள் குறைத்து மதிக்கவில்லை. புகார் எழுதியவர்களும் பார்வையாளர்கள்தானே. காதலி வாதாடும் காட்சியை எடைபோட அவரவர் உலக அனுபவமே போதும். ஒரு மருத்துவ ஆய்வில் எத்தனை குழந்தைகள் இருந்தார்கள், அதற்கு எதிரான ஆய்வுகள் எவ்வளவு பெரியவை என்பதை வீட்டு சோபாவில் உட்கார்ந்து யாரும் எடைபோட முடியாது. அதற்கு அவரிடம் இருக்கும் ஒரே கருவி திரையில் நடக்கும் விசாரணைதான். வாரக்கணக்கில் ஊழலுக்கும் அதிகாரத்துக்கும் எதிராக நின்று சரியென்று நிரூபித்த மனிதர் இந்த வாரம் புருவத்தைச் சுருக்கினால், அந்தச் சுருக்கமே ஆதாரம் ஆகிவிடுகிறது. இலட்சிய நீதிபதி என்ற பாத்திரத்தின் பலமும் ஆபத்தும் ஒரே இடத்தில்தான் குடியிருக்கின்றன.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. அரசுக்கும் மருந்து நிறுவனங்களுக்கும் பேச ஆயிரம் வாய் இருக்க, எளியவர்களுக்காகப் பேசும் ஒரு தொடரிடம் சமநிலை கேட்பது வலியவர்களுக்குத் துணைபோவதாகாதா? இங்கிலாந்தில் நிபுணர்களைச் சந்தேகிக்க நியாயமான காரணங்கள் இருந்தன என்பதை நாங்கள் மறுக்கவில்லை. பர்மிங்ஹாம் குண்டுவெடிப்பு வழக்கில் 1975-இல் ஆயுள் தண்டனை பெற்ற ஆறு பேரைக் குற்றவாளிகளாக்கியதில், கைகளில் வெடிமருந்து ஒட்டியிருந்ததாக அரசுத் தரப்பு நிபுணர் நடத்திய சோதனைக்குப் பெரும் பங்கு இருந்தது. 16 ஆண்டுக்குப் பிறகு, 1991-இல், அவர்கள் விடுதலையானார்கள். எப்படி விடுதலையானார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தச் சோதனை வேறு சாதாரணப் பொருள்களுக்கும் அதே முடிவைக் காட்டும் என்பதை மறுதரப்பு ஆதாரத்தோடு வைத்தது. போலீஸ் எழுதிய வாக்குமூலங்கள் பரிசோதிக்கப்பட்டன. அதிகாரத்தின் பொய்யை உடைத்தது மாற்று ஆதாரம். ஒருதலைச் சாட்சியத்தால் சிறைக்குப் போனவர்களின் பெயரைச் சொல்லி, ஒருதலைச் சாட்சியத்துக்கு நியாயம் கேட்பது எங்களுக்கு ஒப்பவில்லை.

விளைவுகளைப் பற்றி மிகைப்படுத்த மாட்டோம். ஒரு தொலைக்காட்சி அத்தியாயத்தால் நோய் பரவியது என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் அதே 2006-இல் பிரிட்டனில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் தட்டம்மையால் இறந்தான். 1992-க்குப் பிறகு அந்நோய்த் தொற்றால் அங்கே நேர்ந்த முதல் மரணம் அது. 2012–13-இல் வேல்ஸின் ஸ்வான்சி பகுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தட்டம்மை என்று பதிவானது. பயம் பரவிய ஆண்டுகளில் ஊசி தவறிப்போய் வளர்ந்த பிள்ளைகள் அவர்களில் பலர். 'லான்செட்' கட்டுரையை முழுவதுமாக விலக்கிக்கொண்டது 2010-இல்தான்.

புகார் சரி என்று சொல்லும் நாங்கள், அந்த அத்தியாயத்தை அப்படியே ஒதுக்கிவைத்ததைச் சரியென்று சொல்லத் தயங்குகிறோம். தடுப்பூசி விகிதம் சரிந்திருந்த அந்நாளில் அதற்குக் காரணம் இருந்தது. இன்று, முன்னால் புகாரின் முடிவையும், விடுபட்டுப்போன மறுதரப்பையும் இரண்டு நிமிடம் சொல்லிவிட்டு ஒளிபரப்பலாம். பூட்டிவைப்பது, மக்களுக்குத் தெரிய வேண்டாமென்று கோப்பை மூடச் சொல்லும் அதே அதிகாரிகளின் வழி. டீட் எதிர்த்தது அவர்களைத்தான். இனி எழுதப்படும் தொடர்களுக்கு நாங்கள் கேட்பதும் தணிக்கையை இல்லை. நடப்புச் சர்ச்சை ஒன்றை எடுத்துக்கொள்ளும் எழுத்துக் குழு, நாயகனுக்கு எதிரான வாதத்தை அதில் உறுதியாக நிற்கும் ஒருவரிடம் காட்டி, 'உங்கள் பக்கத்தை இதைவிட நன்றாகச் சொல்ல முடியுமா?' என்று கேட்கட்டும். முடியும் என்றால் அந்தக் காட்சியைத் திருத்தி எழுதட்டும். இதனால் நாடகம் சப்பென்று போய்விடும் என்பவர்களுக்கு நியூமனிடமே பதில் இருக்கிறது. 1978-இல் அவர் பிபிசிக்கு எழுதிய 'லா அண்ட் ஆர்டர்' நான்கு நாடகங்களாக வந்தது: ஒன்று துப்பறியும் போலீஸ்காரரின் பக்கம், ஒன்று குற்றவாளியின் பக்கம், ஒன்று வக்கீலின் பக்கம், ஒன்று கைதியின் பக்கம். அதில் இலட்சிய நாயகன் ஒருவரும் கிடையாது. நாடாளுமன்றம்வரை கொந்தளித்தது.