கரி வாங்கப் போகிறீர்களா?

காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் போகிற வழியில் இருக்கிறது பிள்ளையார்பட்டி. விநாயக சதுர்த்தியன்று அங்கே கற்பக விநாயகருக்கு முக்குறுணி அரிசியில் கொழுக்கட்டை செய்து நிவேதனம் செய்வார்கள். பல கொழுக்கட்டைகள் அல்ல, ஒன்றே ஒன்று! இத்தனை பெரிய பண்டத்தை அவசர நெருப்பில் வேக வைக்க முடியுமா? மேலே குழைந்து போகும்; உள்ளே மாவு பச்சையாகவே நிற்கும். நிதானமான சூடு, நீண்ட நேரம் — இதுதான் வழி.

நம் வீட்டுச் சமையலிலும் இந்த நிதானம் வேண்டிய பண்டங்கள் உண்டு. செட்டிநாட்டுக் கவுனி அரிசி இரவெல்லாம் ஊறினாலும் சுலபத்தில் மசியாது. ஆட்டுக்கால் சூப்பைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கொல்லையில் மூடி போட்ட பீப்பாய் அடுப்பு வைத்து, இறைச்சியை மணிக் கணக்கில் புகையில் வேக விடும் வழக்கமும் இப்போது வந்திருக்கிறது. காஸ் அடுப்பு இருக்கிற வீட்டிலும் இம்மாதிரி நாட்களில் கரி வாங்க ஆள் போகிறது. எந்தக் கரி வாங்குவது?

சிவகங்கை, ராமநாதபுரம் ஜில்லாக்களில் கரி என்றால் பெரும்பாலும் சீமைக் கருவேலங் கரிதான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இந்த மரத்தைக் குடியானவர்களுக்குப் பிடிக்காது. நிலத்தையெல்லாம் வளைத்துக் கொள்கிறது என்று வழக்கு மன்றம் வரை போய்விட்டார்கள். ஆனால் கரிக்கு அது நல்ல மரம். கட்டைகளை அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி, காற்று அதிகம் புகாமல் நாட்கணக்கில் கனிய விடுவார்கள். இதற்குக் கரிமூட்டம் என்று பெயர். சுமார் 4, 5 கிலோ விறகுக்கு 1 கிலோ கரி கிடைத்தால் உண்டு. வைரம் பாய்ந்த மரமாகையால் கரியும் கனமாக இருந்து, நின்று எரியும்.

சிரட்டைக் கரி நல்ல சூடு தரும், சாம்பலும் குறைவு. ஆனால் துண்டுகள் மெல்லியவை; சீக்கிரம் தீர்ந்துவிடும். அப்பளம் சுட அது போதும். நெடுநேரச் சமையலுக்குக் கருவேலங் கரியே மேல். கரித்தூளைப் பசையுடன் சேர்த்து அச்சில் அழுத்திய உருண்டைகளும் விற்கிறார்கள். ஒரே அளவாக இருப்பதால் சூடு சீராக வரும்; சாம்பல்தான் ஜாஸ்தி.

கடையில் இரண்டு துண்டுகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். கணீரென்று சத்தம் வந்தால் நல்ல கரி. 'தொப்'பென்றால் ஈரம், அல்லது அரை வேக்காடு. உடைத்தால் உள்ளே பளபளப்பான கறுப்பாக இருக்க வேண்டும். பழுப்பாக இருந்தால் புகைந்து கண்ணைக் கரிக்கும். மூட்டையின் அடியையும் பாருங்கள். பாதி தூளாக இருக்கும். ஈரக் கரியை நிறுத்து வாங்கினால் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோம்!

பற்ற வைக்கத் தேங்காய் நார் போதும். மண்ணெண்ணெய் ஊற்றினால் அந்த வாசனை பண்டத்தில் ஏறிவிடும். கரியின் மேல் வெள்ளைச் சாம்பல் பூத்த பிறகே பாத்திரத்தை ஏற்றுங்கள். கைப்பிடி அளவுத் துண்டுகளாகப் போட்டு, மேலே கொஞ்சம் சாம்பலைத் தூவினால் தணல் நெடுநேரம் நிற்கும். நடுவில் கரி போடும்போது, தனியே கனிய வைத்த துண்டுகளைச் சேருங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம் ஒன்று. நன்றாகக் கனிந்த கரியில் புகை இராது. ஆகவே ஆபத்தும் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. அதிலிருந்து கார்பன் மோனாக்ஸைடு என்னும் விஷவாயு வருகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலி, மயக்கம், குமட்டல் என்று ஆரம்பித்து, தூங்குகிறவர்களைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும். செட்டிநாட்டுப் பழைய வீடுகளில் சமையற்கட்டு பின்கட்டில், வானம் பார்த்த முற்றத்தை ஒட்டி இருந்தது. நம் அடுக்குமாடி வீட்டு அறைகளுக்கு அந்தச் சௌகரியம் ஏது? மழை வந்தது என்று கரி அடுப்பை அறைக்குள் கொண்டு வராதீர்கள். குளிருக்கு இதமாக இருக்குமென்று தொட்டிலருகில் தணல் சட்டி வைப்பதும் வேண்டவே வேண்டாம். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும் என்றும் நம்பிவிடாதீர்கள்.

மொட்டை மாடியோ, கொல்லையோ, திறந்த வெளியில்தான் கரி எரிய வேண்டும். மழை பெய்தால், கவுனி அரிசி இன்னொரு நாள் வேகட்டுமே!