திறவுகோல் யார் கையில்?

எம் ஊராகிய அரக்கோணத்திற்கு மின்விசை புதியதன்று. 1856 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள், இராயபுரத்தினின்றும் வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னாட்டின் முதற் புகைவண்டி எம் ஊர் வழியே சென்றது. அப்புகை மறைந்து நெடுநாளாயிற்று. இந்நாளில், 25,000 வோல்ட் மின்விசையால் இயங்கும் எஞ்சின்களைப் பழுது பார்க்கும் லோகோ ஷெட் இவ்வூரிலேயே உளது. அங்கு ஒழுங்காய்க் கையாளப்படும் மின்விசையே இன்று வேறோர் உருவில், யாதோர் ஒழுங்குமின்றி, தெருவோரப் பட்டறைகளிலும் புகுந்துளது. அதுபற்றி ஈண்டுச் சில கூற விழைகின்றேன்.

மின்சார ஸ்கூட்டர்களும் ஆட்டோக்களும் கார்களும் நாள்தோறும் பெருகுகின்றன. எம் மாவட்டத் தலைநகராகிய இராணிப்பேட்டையில் 2021 ஆம் ஆண்டில் மின்சார இருசக்கர வண்டித் தொழிற்சாலை ஒன்று திறக்கப்பெற்றது. புகையும் இரைச்சலுமின்றி வண்டிகள் செல்வது நன்றே. ஆனால் அவை பழுதுற்றக்கால் திறந்து பார்ப்போன் யாவன்? நேற்றுவரை பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி மாட்டிய நம் தெருமுனை இளைஞனே அவன்.

சென்ற கோடை விடுமுறையில் அத்தகைய பட்டறையொன்றில் நின்றிருந்தேன். என்னினும் இரண்டாண்டு இளையவன் ஒருவன், விரலில் மோதிரமும் கையில் ஸ்பானருமாக, ஒரு ஸ்கூட்டரின் பாட்டரிப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தான். "தம்பி, கையுறை வேண்டாவா?" என்றேன். "இது நாற்பத்தெட்டு வோல்ட்தானே அண்ணா, ஷாக் அடிக்காது" என்று நகைத்தான். அவன் கூற்றிற் பாதி உண்மை. அவன் அறியாத மற்றைப் பாதியே அவனைச் சுடவல்லது.

60 வோல்ட்டிற்கு உட்பட்ட நேர் மின்னோட்டம் உடலிற் பாய்ந்து கொல்லுதல் அரிது என்பது பொதுவாக ஏற்கப்பட்டதே. ஆனால் பாட்டரியின் இரு முனைகளையும் அம்மோதிரமோ ஸ்பானரோ ஒருங்கே தொடுமாயின், நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டம் நொடியிற் பாயும். உலோகம் பழுக்கக் காய்ந்து விரலைத் தீய்க்கும், பொறி பறந்து கண்ணைக் கெடுக்கும், பாட்டரியும் தீப்பற்றக்கூடும். கார்களிலோ 300, 400 வோல்ட் உண்டு. சிலவற்றில் 800 வோல்ட்டும் உண்டு. அங்கே தொடுதலே உயிர்க்கேடு. வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்த பின்னும் மின்தேக்கிகளிற் சில நிமிடம் விசை தங்கும். பாட்டரியின் உள்ளேயோ அது அணைவதே இல்லை. பெட்ரோல் தொட்டியை வெறுமையாக்கிவிட்டு வேலை செய்யலாம்; பாட்டரியை அங்ஙனம் செய்தல் எளிதன்று.

இனி லோகோ ஷெட்டில் நிகழ்வதை நோக்குவோம். எஞ்சினின் உயர் மின்னழுத்த அறையைத் திறக்கவேண்டுமாயின், மேற்கம்பியைத் தொடும் பாண்டோகிராபை முதலில் தாழ்த்தி, அதற்குரிய திறவுகோலை எடுத்தல் வேண்டும். அத்திறவுகோல் இருந்தாலன்றி எர்த் ஸ்விட்சை இயக்க இயலாது. எர்த் செய்த பின்னரே அறைக்கதவின் திறவுகோல் விடுபடும். மறதியுடையோனும் அவசரக்காரனும் ஆயினும், அவன் தன் மனம்போல் அக்கதவைத் திறத்தல் ஒல்லாது. ஆண்டுக் காவல் தொழிலாளியின் நினைவில் இல்லை; பூட்டில் உளது. பட்டறையிலோ எல்லாக் காவலும் பதினேழு வயதினனின் நினைவிலேயே தொங்குகின்றது.

"கவனமாயிருந்தால் போதாதோ?" என்பார் சிலர். 2022 மார்ச்சுத் திங்களில், வேலூரில், இரவில் மின்னேற்றப்பட்ட ஸ்கூட்டர் எரிந்து, தந்தையும் மகளும் புகையால் மூச்சடைத்து மாண்டனர். அவ்வாண்டு நாட்டின் பல இடங்களிலும் இத்தகைய தீ விபத்துக்கள் நேர்ந்தன. அப்பொழுது அரசாங்கம், கவனமாயிருக்க என்று கூறி வாளாவிருந்திலது. பாட்டரிகளுக்குரிய ஏ.ஐ.எஸ். 156 என்னும் தரவிதியைக் கடுமையாக்கி, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சு இறுதியிலுமாக இரு படிகளில் நடைமுறைப்படுத்தியது. ஓட்டுவோனுக்குக் கிடைத்த இக்காவல் பழுது பார்ப்போனுக்குக் கிடைத்திலது. 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், மின்விசை கொண்டு பத்துப்பேரேனும் வேலை செய்யும் இடத்தையே தொழிற்சாலை எனக் கொண்டது. 2020 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அவ்வெண்ணை இருபதாக உயர்த்தியது. மூவர் வேலை செய்யும் பட்டறை இரண்டிற்கும் புறம்பானதே.

ஆகலின் யான் வேண்டுவன மூன்று. வண்டி செய்யும் நிறுவனங்கள், தம் முகவர்க்கு மட்டுமன்றி வெளிப் பட்டறையாளர்க்கும் பயிற்சியும் மின்சுற்றுப் படமும் அளித்தல் ஒன்று. அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்கள், வேலையிலிருப்போர்க்கு மாலைநேரக் குறும்பயிற்சி நடத்தி, தேறியவரே பாட்டரியைத் திறக்கலாம் என வரையறுத்துச் சான்று நல்குதல் இரண்டு. உரிய கருவிகள் ஒவ்வொரு பட்டறைக்கும் கிடைக்கச் செய்தல் மூன்று. காப்பிட்ட ஸ்பானரும், 1,000 வோல்ட் தாங்கும் ரப்பர்க் கையுறையும், அதன்மேல் அணியும் தோலுறையும் அவற்றுள் இன்றியமையாதன. தோல் மின்விசையைத் தடுக்கும் என நம்பற்க. ரப்பர் கிழியாமற் காப்பதே அதன் தொழில். ஆம்பூரும் வாணியம்பாடியும் இராணிப்பேட்டையும் தோலாற் பெயர் பெற்று விளங்க, நம் பக்கத்து இளைஞன் கைக்கு ஒரு தோலுறை இல்லையெனின் அது நாம் நாணத்தக்கதே.

இச்செலவைச் சிறு பட்டறை தாங்குமோ எனின், தாங்காது. வண்டியால் ஊதியம் பெறுவோரே அதனைத் தாங்கக் கடவர். புதுவீடு கட்டுவோன் மாடிக்குக் கைப்பிடிச்சுவர் அமைத்தல் வேண்டும் என்று மோசேயின் நியாயப்பிரமாணம் விதித்தது. விழுந்தவன் கவனமாய் நடந்தானா என்று அது வினவவில்லை. சுவர் எழுப்பாத வீட்டுக்காரன்மேலேயே பழியைச் சுமத்தியது. மின்சார வண்டி நம் நாட்டில் எழும் புதுவீடு. அதற்குச் சுவர் எழுப்பும் கடன், அதைக் கட்டுவோர்க்கும் கட்ட இசைவளிக்கும் அரசாங்கத்திற்கும் உரியது.

அன்று என் சொற் கேட்ட அவ்விளைஞன் மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் இட்டுக்கொண்டான். மறுமுறை நினைவூட்ட யான் அங்கிரேன்.